இரண்டு மணித் தண்ணி

தொள்ளாயிரத்து நாப்பது அடி.
இதற்குக் கீழே பாறைதானுங்க என்று
போர்வண்டிக்காரர் கைவிரித்த இடத்தில்
வந்தது இந்தத் தண்ணி.
பருப்பு வேகாது.
பக்கெட்டின் உள்ளே வெள்ளைத் தேமல்.
ஷவருக்கு நூறு கண், திறந்திருப்பவை பதினொன்று,
அதிலும் நாலு சுவரைப் பார்த்துப் பீய்ச்சும்.
மூன்றாவது ஹீட்டரைக் கழற்றிய எலக்ட்ரீசியன்
காயிலை எடுத்துக் காட்டினார்:
சுண்ணாம்பில் புரட்டிய முறுக்கு.

ஏலச்சீட்டை எடுத்து சாஃப்ட்னர் வாங்கினோம்.
மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது,
ஒரு உருளை, ஒரு உப்புத்தொட்டி,
உச்சியில் சின்னதாய் ஒரு கடிகாரம்.

முதல் நாளே என் முடி வழுக்கியது.
'நல்லாருக்குதுங்க' என்றேன்.
'என்னத்த நல்லாருக்குது,
சோப்பு திரியுது' என்றார் மருதாசலம்.

ஆறு மாதம்.
ஒரே குழாய், ஒரே பாத்ரூம், இரண்டு தண்ணி.

அவர் சொல்வதைத் தள்ளவும் முடியாது.
மங்கலம் ரோட்டுச் சாயப்பட்டறையில் பதினேழு வருசம்.
அங்கிருக்கும் சாஃப்ட்னர் ரெண்டு மாடி உயரம்.
விரலிடுக்கில் தேய்த்தே தண்ணியின் ஜாதகம் சொல்வார்.
துணியில் சாயம் ஏற மூட்டை மூட்டையாய் உப்புக் கொட்டும் கை.
வீட்டிலும் ஒரு மூட்டை காத்திருக்கும்.
பூமிக்கடியில் உப்பு, அதை எடுக்க உப்பு,
நடுவில் கரைவது சம்பளம்.
ஞாயிறு மட்டும் சண்டை இல்லை.
அன்றைக்கு அரப்புத் தேய்த்துக் குளிப்பார்,
அரப்புக்கு எந்தத் தண்ணியும் ஒன்றுதான்.

கம்பெனியிலிருந்து தஸ்தகீர் வந்தார்.
பகல் பதினொரு மணி, இவர் தூக்கத்தில்.
பாட்டிலில் தண்ணி பிடித்து நாலு சொட்டு மருந்து விட்டார்.
நீலம்.
'சாஃப்டாத்தானுங்க இருக்குதுக்கா.'
மறுமாதமும் வந்தார்.
தொட்டியில் உப்பு கட்டிதட்டிப் பாலம் போட்டிருந்தது,
மேலே பார்த்தால் நிறைவு, கீழே ஒன்றுமில்லை.
துடைப்பக்கட்டையால் இடித்து இறக்கினார்.
'இதாத்தானுங்க இருக்கும்.'
நீலம்.
மருந்துப் புட்டியை என்னிடமே விட்டுப் போனார்.
அன்றிரவும் தலை துவட்டிக்கொண்டே இவர்:
'திரியுது.'

நான் கேட்டதையும் எழுதிவிடுகிறேன்.
'தண்ணி கடுசா, நீங்க கடுசா?'
ரசத்தை மட்டும் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஆடிக்காற்று ஒரு ராத்திரி
பின்கதவை அறைந்து என்னை எழுப்பியது.
படிக்கு அடியில் கடகடவென்று ஒரு வயிற்றுச் சத்தம்.
கழிவுக்குழாய் வாசலில் கொட்டிக்கொண்டிருந்தது.
அதே நேரம் பாத்ரூமில்
அவர் தண்ணி மோந்து ஊற்றும் சத்தம்.
மணி இரண்டு ஐந்து.

கையேட்டை டார்ச்சில் தேடினேன். பொடி எழுத்தில் இருந்தது:
தன்னைத்தானே கழுவும்போது
இயந்திரம் தண்ணியை அப்படியே வீட்டுக்குள் விடும்.
ஆகவே வீடு தூங்கும் நேரமாக
இரவு இரண்டு மணி வைக்கப்பட்டுள்ளது.

எந்த வீடு?
பூமலூரில் எங்கள் தெருவில் மட்டும்
அந்நேரத்துக்கு ஏழு பாத்ரூமில் லைட் எரியும்.

சிங்க் குழாயில் பாட்டிலைப் பிடித்தேன்.
நாலு சொட்டு.
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கினேன்.
துண்டோடு வெளியே வந்தவர்
பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.
'ஒயின் ரெட்' என்றார்,
பட்டறையில் ஷேடு சொல்கிற குரலில்.

மூன்று மணிவரை பட்டனை அமுக்கினோம்.
இரண்டு முறை கடிகாரம் பழையபடி பன்னிரண்டுக்கே ஓடியது.
மூன்றாம் முறை நின்றது: பகல் பத்தரை.
அப்போது நான் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருப்பேன்,
அவர் போர்வைக்குள் இருப்பார்.
எங்கள் வீடு தூங்குவது அப்போதுதான்.

மன்னிப்பு நான் கேட்கவில்லை,
அவரும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

மறுநாள் ராத்திரி பாதித் தூக்கத்தில் காதுகொடுத்தேன்.
ஒரு சொம்பு, இரண்டு சொம்பு, ஒன்பது, பத்து.
நிற்கவே இல்லை.
கதவுக்குள்ளிருந்து சத்தம் போட்டார்:
'ஏனம்மிணி, இதென்ன தண்ணி,
எத்தன ஊத்துனாலும்
சோப்பு போகவே மாட்டேங்குது!'